வரவேற்பில் கேளுங்கள்

என் அக்காவைப் போல ஒரு வாயாடியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அதெல்லாம் வீட்டுக்குள் மட்டும்தான். ஊர் நடுவில் இருக்கிற அந்தப் பழைய பெரிய ஓட்டலில் முப்பத்தொரு வருடம் அறை சுத்தம் செய்தவள். ஒரு நாளைக்குப் பதினான்கு அறை, பதினான்கு குளியலறை. எந்தக் கதவு மழைக்கு உப்பும், மாடிப்படியில் எந்தப் பலகை பிற்பாடு போட்டது, எந்தத் தொட்டியில் எந்தப் பெரிய மனிதர் வழுக்கி விழுந்தார், எல்லாம் அத்துப்படி. சாப்பிட உட்கார்ந்தால் இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

அந்த ஓட்டலைப் பற்றி உள்ளூர்த் தொலைக்காட்சி ஆவணப்படம் எடுக்கிறது என்று தெரிந்ததும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. காரணம், பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய தீ விபத்து. ஒரு மத்தியானம் மூன்றாம் மாடி முழுக்கப் புகை. விளக்கும் போய்விட்டது. ஜன்னலே இல்லாத பின்படி வழியாக, தங்கியிருந்தவர்களை ஒருவர் கையை ஒருவர் பிடிக்கச் சொல்லி இறக்கிக் கொண்டுவந்தவள் அக்கா. பேர் வாங்கியது மேலாளர். அந்த மனுஷன் அப்போது தெருவில் நின்று கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார்.

படத்திலாவது உண்மை வரட்டும் என்று மூன்று தடவை அலைந்தேன். கெஞ்சிக் கூத்தாடி, அக்காவைப் பேட்டி எடுக்க இயக்குநர் அம்மாவைச் சம்மதிக்க வைத்தேன்.

"நெருப்பு விஷயத்தை நீ போட்டு உடைச்சிடாத. நானே சொல்லிக்கிறேன்" என்றாள் அக்கா. அவளுக்கும் அந்த ஆசை இருந்தது.

மூன்றாம் மாடி வராந்தாவில் கேமராவை வைத்தார்கள். "இந்த ஓட்டலைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சதைச் சொல்லுங்கம்மா" என்றார் இயக்குநர்.

அக்கா சுவரோரம் ஒதுங்கினாள். கையைக் கட்டிக்கொண்டு புன்னகைத்தாள். "மன்னிக்கணுங்க. வரவேற்புல கேளுங்க."

விளையாடுகிறாள் என்று சிரித்தோம். மாடிப்படி எப்போது கட்டியது? வரவேற்புல கேளுங்க. விளக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? வரவேற்புல கேளுங்க. நான் பின்னால் நின்று கிள்ளியும் பார்த்தேன். துடைக்கிறவர்கள் விருந்தினர் கேட்கும் எதற்கும் பதில் சொல்லக் கூடாது என்பது அங்கே சட்டம். வேலைக்குச் சேர்ந்த வருடம் யாருக்கோ வழி சொல்லப்போய் அக்காவுக்கு வேலையே போகப் பார்த்தது. அதற்கப்புறம் அந்தக் கட்டடத்துக்குள் ஓட்டலைப் பற்றி யார் எது கேட்டாலும் அவள் வாயில் வேறு வாக்கியம் வந்ததில்லை.

கடைசியில் அவர்கள் நிஜமாகவே வரவேற்பில் போய்க் கேட்டார்கள். வேலைக்கு வந்து மூன்று வருடம்கூட ஆகாத ஒருவன் மேலாளர் கதையை அப்படியே ஒப்பித்தான். போட்டு உடைக்காதே என்று அக்கா சொல்லியிருந்ததால் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

பேருந்தில் ஏறியதும் அக்காவுக்கு வாய் திறந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்பப் பேசி என்ன பிரயோஜனம்? உன்னைக் கட்டிக்கிட்டு நான் மாரடிக்கிறேன் பாரு."

"என்னடி பண்றது? அங்க நின்னாலே அதுதான் வருது."

படத்தை ஓட்டலின் பெரிய கூடத்திலேயே போட்டுக் காட்டினார்கள். மேலாளர் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் முப்பத்தெட்டுப் பேரைக் காப்பாற்றினார் என்றது படத்தின் குரல். எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவும் தட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

முடிந்ததும், யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று இயக்குநர் கேட்டார். அக்கா எழுந்தாள். நான் எதிர்பார்க்கவே இல்லை.

"முப்பத்தெட்டு இல்லைங்க, முப்பத்தொன்பது. கைக்குழந்தையை விட்டுட்டீங்க."

"உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

"அதைத் தூக்கிக்கிட்டு இறங்கினது நான். மத்தவங்களை இருட்டுல கூட்டிக்கிட்டு வந்ததும் நான்தான்."

முன்வரிசையிலிருந்த மேலாளர் திரும்பவில்லை. இயக்குநர் அம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. நாளைக்கு ஒளிபரப்பு. இனிமே எதையும் மாத்த முடியாது."

"நீங்க ஓட்டலைப் பத்தித்தானே கேட்டீங்க" என்றாள் அக்கா. "என்னைப் பத்திக் கேட்கலையே."