இழுக்காமல் விட்ட பூட்டு

அன்று மாலை பாத்திரக்கடை வாசலில் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம்: ஷட்டரை இறக்கிப் பூட்டிய நான், சாவிக்காகக் கை நீட்டி நின்ற முதலாளி பாய், பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணக்கு அக்கா. எட்டாவதோடு படிப்பை விட்டுக் கடத்தூரில் அந்தக் கடைக்கு வந்த நாளிலிருந்து பூட்டுவது என் வேலை. பூட்டியதும் மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். வாழைப்பழ வண்டி வரை போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பேன். எதற்கெடுத்தாலும் பயம் எனக்கு. "அந்தப் பூட்டுக்கு வாயிருந்தா அழுதுடும், உடுப்பா" என்பார் அக்கா. "இழுத்து இழுத்தே தம்பி அதை ஒரு சாண் நீளமாக்கிட்டான்" என்பார் பாய்.

அன்று நான் இழுக்கவில்லை. சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தேன். "தம்பிக்கு இப்பத்தான் தைரியம் வந்திருக்கு" என்று பாய் சந்தோஷப்பட்டார். அக்கா சிரிக்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டு என் பின்னாலேயே வந்தார்.

"ஏம்ப்பா, பூட்டை இழுக்கலியா?"

"தெறந்து கெடந்தா கெடக்கட்டுங்கக்கா."

"அப்படிச் சொல்ற ஆளா நீ? போன தடவ வூட்டுல படுத்தியே, அதுக்கு முன்னாடியும் இப்படித்தான் இழுக்காமப் போன. நல்லாயிட்டேன்னு நாங்க சிரிச்சோம். காலைல டாக்டரப் பாக்கலாம். நானும் வர்றேன்."

போன தடவை என்றால், மாதக்கணக்கில் சுவரைப் பார்த்துக் கிடந்த காலம். மனச்சோர்வு என்று தர்மபுரி டாக்டர்தான் பேர் சொன்னார். மாத்திரையில் தெளிந்தேன். அது திரும்பி வந்தால் அழுகையாக வரும், சோறு இறங்காமல் வரும் என்று வீட்டில் எல்லோரும் என் தட்டையும் கண்ணையுமே கவனித்தார்கள். நான் நன்றாகத்தான் சாப்பிட்டேன். எனக்கு அது பயம் போன மாதிரி வந்தது. எதுவும் எப்படியும் போகட்டும் என்று உள்ளே ஒரு மரத்த அமைதி. அதை அடையாளம் கண்டது அக்கா மட்டும்தான். மறுநாள் டாக்டரிடம் பூட்டு விஷயத்தை அவரே சொன்னார். டாக்டர் மாத்திரையை மாற்றினார். அந்தத் தடவை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கும் வரை போகவில்லை.

அக்கா இப்போது மகனோடு ஓசூரில் இருக்கிறார். அவருடைய நாற்காலியில் பில் போடும் கம்ப்யூட்டர். பாயின் மகன் புதுப் பூட்டு வாங்கியிருக்கிறான். அமுக்கினால் தானே பூட்டிக்கொள்ளும், "இழுக்கவே வேணாங்கண்ணா" என்கிறான். நேற்று ஷட்டரைப் பூட்டிவிட்டு நிமிரும்போது அக்காவின் போன் வந்தது.

"இழுத்தியா?"

"நாலு தடவைங்கக்கா."

"செரி, வூட்டுக்குப் போ."

வாழைப்பழ வண்டி வரை போனவன், திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்தேன்.