கூனிமேட்டு ஜெராக்ஸ் கடையில் நடந்த கவுன்சில் கூட்டம்

1. மினிட்ஸ் எழுத வந்தவள்

முதல் கூட்டத்தில் நான் பேசியது ஒரே ஒரு வாக்கியம். தலைவர் ஹெலனா, "இன்னைக்கு யாரு மினிட்ஸ் எழுதுறீங்க?" என்று கேட்டார். கம்ப்யூட்டர் திரையில் இருந்த ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. கூட்டத்தில் நடந்ததைக் குறித்துவைக்கிற வேலை அது. "நான் எழுதுறேன்" என்றேன். மரக்காணத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்தபடி ஓர் உலகக் கூட்டமைப்புக்கு நான் செயலாளர் ஆனது அப்படித்தான்.

அவர்கள் பேசியதெல்லாம் இங்கிலீஷ். படிக்க வசதியாக நம் பேச்சிலேயே எழுதுகிறேன்.

புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தேன். பழைய நூல்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றி, சொற்களைத் தேடி ஆராய்கிற வேலையில் பிறகு இறங்கினேன். இலக்கியம், வரலாறு, மொழி இவற்றையெல்லாம் கம்ப்யூட்டரை வைத்து ஆராய்கிற துறைக்கு டிஜிட்டல் ஹியூமானிட்டீஸ் என்று பெயர். பல நாடுகளில் இதற்குச் சங்கங்கள் உண்டு. அந்தச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்ததுதான் எங்கள் கூட்டமைப்பு. அதில் தனி ஆள் உறுப்பினராக முடியாது, சங்கம்தான் உறுப்பினர். சங்கத்துக்கு ஒரு பிரதிநிதி, பிரதிநிதிக்கு ஓர் ஓட்டு. எல்லாப் பிரதிநிதிகளும் உட்காரும் சபைக்குக் கவுன்சில் என்று பெயர்.

செயலாளருக்கு ஓட்டுக் கிடையாது. அதனால் இங்கே நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் சங்கத்தின் பிரதிநிதியாக, என் இடத்தில், திண்டிவனம் கல்லூரியிலிருந்து இளங்கோ சாரை அனுப்பினோம்.

ஹெலனா கூட்டம் நடக்கும்போதே எதையாவது சாப்பிட்டுக்கொண்டிருப்பார். என் கணவர் ஆரோக்கியசாமி உப்பளத்தில் மேஸ்திரி. காலில் உப்புப் பூத்தபடி என் முதுகுக்குப் பின்னால் நடந்து போவார். கேமராவில் அவரைப் பார்த்தால் ஹெலனா கூட்டத்தை நிறுத்தி வணக்கம் சொல்வார். அவரும் ஒரு தலையாட்டலோடு கடந்துவிடுவார்.

2. வளர்ந்ததும் வந்த வில்லங்கம்

நான் சேர்ந்தபோது கூட்டமைப்பு என்பது வசதியான சில நாட்டுச் சங்கங்கள்தான். மற்ற இடங்களிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவர வேண்டும் என்று ஹெலனா நினைத்தார். கடிதப் போக்குவரத்து என் பங்கு. எங்கேயாவது ஒரு பல்கலைக்கழகத்தில் நாலு பேர் இந்த வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தால் மெயில் போடுவேன். பதில் வராவிட்டால் இன்னொன்று போடுவேன்.

கானாவிலிருந்து அஜோவா அப்படிக் கிடைத்தவர். அவர் நாட்டில் அப்போது சங்கமே இல்லை. "சங்கம்னா என்னென்ன வேணும்?" என்று கேட்டார். விதிமுறை எழுதுவதிலிருந்து தேர்தல் வைப்பது வரைக்கும் போனிலேயே இருவரும் பேசிப் பேசிச் செய்தோம். அந்தச் சங்கம் கவுன்சிலில் சேர்ந்த அன்று அவர் போனில் அழுதார். நானும்தான்.

வில்லங்கம் அதற்குப் பிறகு வந்தது. முடிவெடுக்கக் குறைந்தது பாதிப் பிரதிநிதிகளாவது கூட்டத்தில் இருக்க வேண்டும். அதைக் கோரம் என்பார்கள். உறுப்பினர் சங்கங்கள் கூடக் கூட, கூட்டத்துக்கு வராதவர்களும் கூடினார்கள். பெரும்பாலும் சின்னச் சங்கங்கள். கோரம் இல்லாமல் கூட்டம் கலையும். அடுத்த மாநாடு எங்கே என்பதைக்கூட முடிவு செய்ய முடியாமல் இழுத்தடித்தது.

பழைய பெரிய சங்கம் ஒன்றின் பிரதிநிதி ராபர்ட் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உறுப்பினர் உள்ள சங்கங்கள் பார்வையாளராக இருக்கலாம், ஓட்டுக் கிடையாது.

ராபர்ட் கெட்டவர் இல்லை. எங்கள் சங்கம் விண்ணப்பித்தபோது வரி வரியாகப் படித்து, எங்கெங்கே திருத்த வேண்டும் என்று எழுதி அனுப்பியவர் அவர்தான். அவர் இல்லாவிட்டால் நாங்கள் உள்ளே வந்திருக்க மாட்டோம். கூட்டமைப்பு முடங்கிப்போகிறதே என்பதுதான் அவர் கவலை. அந்தக் கவலை எனக்கும் இருந்தது. ஆனால் அந்தத் தீர்மானத்தைத் தட்டச்சு செய்தபோது அஜோவாவின் சங்கமும் எங்கள் சங்கமும் அதில் அடிபடும் என்று கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.

3. ஜூலை மழை

அந்த வருட மாநாடு புதுச்சேரியில். மாநாடு முடிந்த மறுநாள் கவுன்சில் கூட்டத்தை மரக்காணம் பக்கம் ஈசிஆர் சாலையில் ஒரு மண்டபத்தில் ஏற்பாடு செய்தேன். வர முடியாத பிரதிநிதிகள் திரையில் வருவதாக ஏற்பாடு.

"இத்தினி ப்ரொபசருங்கள இங்க இட்டாந்து இன்னா காட்டப்போற?" என்று ஆரோக்கியசாமி கேட்டார்.

"உங்களத்தான்" என்றேன்.

சிரித்துவிட்டு, சாப்பாடு கொண்டுவர வேன் பிடித்துக் கொடுத்தார்.

மதியம் ராபர்ட்டின் தீர்மானம் விவாதத்துக்கு வரும் நேரத்தில் வானம் கறுத்தது. இடியோடு மழை பிடித்துக்கொண்டது. கரண்ட் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னலும் போனது. திரையில் இருந்த முகங்கள் மொத்தமாக மறைந்தன. அஜோவாவும் அதில் ஒருவர்.

ராபர்ட் அறையைச் சுற்றி எண்ணினார். "இங்க இருக்கிறவங்கள வெச்சே கோரம் இருக்குது. நாளைக்கு எல்லாரும் ஃப்ளைட் ஏறிடுவோம். ஓட்டு எடுத்துடலாம்."

ஹெலனா என்னைப் பார்த்தார். "விதி என்ன சொல்லுது, ஸ்டெல்லா?"

"லைன் அறுந்தா என்ன பண்றதுன்னு விதியில இல்லைங்க. எடுக்கலாம். ஆனா மினிட்ஸ்ல நான் நடந்தத எழுதணும். லைன் அறுந்துச்சு, அறுந்தவங்க ஓட்டுரிமைய அவங்க இல்லாதப்போ பறிச்சுட்டோம்னு எழுதுவேன். கையெழுத்து நீங்க போடணும்."

ராபர்ட் மெதுவாகச் சொன்னார்: "உங்க சங்கமும் சின்னச் சங்கம்தான். நீங்க செயலாளராப் பேசுறீங்களா, அந்தச் சங்கத்துக்காரராப் பேசுறீங்களா?"

சுருக்கென்று குத்தியது. "எனக்கே தெரியல. ஆனா பெரிய சங்கத்து லைன் அறுந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்" என்றேன்.

அந்த நேரத்தில் ஆரோக்கியசாமி சொட்டச் சொட்ட நனைந்து உள்ளே வந்தார். வாரிக் குவித்த உப்பை ஆட்களோடு சேர்ந்து தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு வந்திருந்தார். குவிக்காமல் பாத்தியில் கிடந்தது கரைந்துதான் போயிருக்கும். அதை அவர் சொல்லவில்லை.

"என்னா, எல்லாம் கம்முனு உட்காந்துக்கினு இருக்கீங்க?" என்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"நெட்டுதான வேணும்? பக்கத்துல கூனிமேட்டுல நஜீர் பாய் கடையில ஜெனரேட்டர் ஓடுது. நெட்டும் கேபிள்ல வருது. வேன் வெளியத்தான் நிக்குது, ஏறச் சொல்லு."

ஹெலனாவுக்கு அதை மொழிபெயர்த்தேன். அவர் ராபர்ட்டைப் பார்த்தார். ராபர்ட்தான் முதலில் எழுந்து குடையை எடுத்தார்.

4. நஜீர் பாய் கடை

அது ஜெராக்ஸ் கடை. ஆதார் திருத்தம், கரண்ட் பில், ரயில் டிக்கெட் எல்லாம் அங்கேதான். வேனிலிருந்து இத்தனை வெள்ளைக்காரர்களும் மற்ற நாட்டுக்காரர்களும் இறங்கி உள்ளே வருவதை நஜீர் பாய் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"மேடம், இவங்க எல்லாருக்கும் ஆதாரா?"

"இல்ல பாய், ஒரு மீட்டிங். லைன் மட்டும் குடுங்க."

"அதுக்கென்ன, உட்காருங்க. இன்ஷா அல்லா, லைன் நிக்கும்."

உட்கார இருந்தவை ரெண்டு ஸ்டூல்கள். ஹெலனா பேப்பர் கட்டுகளின் மேல் உட்கார்ந்துகொண்டார். பாய் தன் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பிவைத்தார். ஒவ்வொரு முகமாகத் திரும்ப வந்தது. அஜோவா வந்ததும், "நாங்க யாரும் போகல. லைன்லயே காத்துக்கினு இருந்தோம்" என்றார்.

ராபர்ட் தன் தரப்பை மறைக்காமல் சொன்னார். "நீங்க வராததால எதுவுமே நகர மாட்டேங்குது. அதுக்கு வேற வழி இருந்தா சொல்லுங்க."

அஜோவா சண்டைக்கு நிற்கவில்லை. "நாங்க வராதது நெஜம்தான். எங்க சங்கத்துல பிரதிநிதியா அனுப்பக்கூடியவங்க ரெண்டே பேரு. ரெண்டு பேருக்குமே அந்த நேரத்துல கிளாஸ். அதனால ஓட்ட ஒரு மணி நேரக் கூட்டத்துலயே எடுக்காதீங்க. பேசுறத கூட்டத்துல பேசுவோம். ஓட்டுக்கு ஒரு வாரம் குடுங்க, மெயில்ல போடுறோம்."

ராபர்ட் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கொடுத்தும் போடாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார். அடுத்தடுத்து ரெண்டு முறை போடாத சங்கத்துக்கு, திரும்பி வருகிறோம் என்று எழுதித் தரும்வரை ஓட்டு நிறுத்தப்படும், கோரம் கணக்கிலும் அது வராது என்று சேர்த்தால் சம்மதம் என்றார். பெரிய சங்கம், சின்னச் சங்கம் இரண்டுக்கும் ஒரே விதி. அஜோவா யோசித்துவிட்டு, "அது நியாயம்" என்றார்.

தன் தீர்மானத்தை ராபர்ட் திரும்பப் பெற்றார். அஜோவா முன்மொழிந்த புதிய விதியை அவரே வழிமொழிந்தார். கடைக்குள் கைகள் உயர்ந்தன, திரையிலும் உயர்ந்தன. பில் கட்ட வந்து காத்திருந்த ஒரு மீனவப் பெண், "என்னாம்மா, எலெக்சனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஜெயிச்சது யாரு?" என்றார். முதலில் அவருக்குப் பில் கட்டிக் கொடுக்கும்படி பாயிடம் சொன்னேன்.

வெளியே வந்ததும் ராபர்ட் என்னிடம், "மண்டபத்துல நான் உங்கள அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். "கேட்டது சரிதான். அதத்தான் நானும் என்னையே கேட்டுக்கினு இருந்தேன்" என்றேன். அதன் பிறகு அவர் குடையில் பாதியை எனக்குப் பிடித்தார். ரெண்டு பேருமே நனைந்தோம்.

5. எங்கள் சங்கத்துக்கே

அந்த விதியால் முதலில் ஓட்டை இழந்தது எங்கள் சங்கம்தான். பரீட்சைப் பேப்பர் திருத்துகிற வேலையில் இளங்கோ சார் ரெண்டு முறை விட்டுவிட்டார். நினைவூட்டலும் போயிருந்தது. நிறுத்துகிறோம் என்கிற மெயிலை நானே எழுதி அனுப்பினேன். கையோடு போனும் செய்தேன்.

"நம்ம சங்கத்துக்கேவா, மேடம்?" என்றார்.

"நம்ம சங்கத்துக்கேதாங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவரோ, "பேப்பர் திருத்துற மாசத்துல என்னால முடியல மேடம். கூட ஒருத்தர மாத்து ஆளாப் போட்டுக்கலாமா?" என்றார். போட்டுக்கொள்ளலாம் என்று விதியில் சேர்த்தோம். இப்போது எல்லாச் சங்கங்களும் மாற்று ஆள் வைத்திருக்கின்றன. ஓட்டு நின்றுபோகிற சங்கங்கள் அநேகமாக இல்லை.

புதிதாகப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஒரு சங்கத்தை உள்ளே கொண்டுவர நாலு மெயில், நாலு போன் போதும். வந்த சங்கத்தை உள்ளே வைத்துக்கொள்வதுதான் வருஷம் முழுக்கச் செய்கிற வேலை. ஒருவர் வரவில்லை என்று மினிட்ஸில் எழுதுவதற்கு முன்னால், ஏன் வரவில்லை என்று போன் போட்டுக் கேளுங்கள். நான் பொறுப்பில் இருந்தவரை செய்ததில் பாதி வேலை அதுதான். மீதிப் பாதியை யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம்.