பெட்டிக்குக் கண் தெரியாத ஒரு மணி நேரம்

தூரியாவைப் பற்றி எங்கள் மீன் டப்பா ஆலையில் யாரிடம் கேட்டாலும், "அந்தக் கோபக்காரியா?" என்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. அவளுக்கு ஏன் கோபம் வந்தது என்று மட்டும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். நான் மௌலூத், அந்த ஆலையின் எலக்ட்ரீஷியன். எல்லாம் என் கண்ணெதிரே நடந்தது.

மொராக்கோவின் ஸஃபி துறைமுகத்தில் வலை பின்னுகிறவரின் மகள் அவள். மராகேஷில் பொறியியல் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து எங்கள் ஆலையில் சேர்ந்தாள். சேர்ந்த முதல் குளிர்காலத்தில் குளிர் அறைக் குழாயில் அமோனியா கசிந்தது. பெண்கள் மத்தி மீன் சுத்தம் செய்யும் கூடம் அந்த அறையை ஒட்டித்தான் இருக்கிறது. வாயுவை மோப்பம் பிடிக்கும் சென்சார்கள் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவை சொல்வதைக் கேட்டு முடிவெடுக்கும் கம்ப்யூட்டர் காசாபிளாங்காவில், தலைமை அலுவலகத்தில் இருந்தது. அன்றைக்குப் பார்த்து இணையம் படுத்துவிட்டது. வால்வை மூடச் சொல்லி உத்தரவு வந்து சேர்வதற்குள் பெண்கள் முற்றத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு கிடந்தார்கள்.

"அடுப்படியில தீப்பிடிச்சா காசாபிளாங்காவுக்கு ஃபோன் போட்டுக் கேட்டுட்டுத்தான் தண்ணி ஊத்துவீங்களா?" என்று தூரியா அன்றைக்குக் கத்தினாள்.

அதற்குப் பிறகுதான் அந்தப் பெட்டி வந்தது. ரொட்டிக் கூடை அளவில் ஒரு கம்ப்யூட்டர். குளிர் அறைச் சுவரில் நான்தான் மாட்டினேன். உள்ளே ஓடும் நிரலை மாதக்கணக்கில் உட்கார்ந்து எழுதியது அவள். சென்சார் சொன்னதும் பெட்டி அங்கேயே முடிவெடுத்துக் கண் மூடித் திறப்பதற்குள் வால்வை மூடிவிடும். காசாபிளாங்காவுக்குச் சேதி பிறகு போகும். பெட்டிக்கு மின்சாரம் போனாலும் வால்வு தானாக மூடிக்கொண்டு சங்கு ஊதும். இன்னொன்றும் செய்திருந்தாள். சென்சாரிலிருந்து வரும் ஒவ்வொரு சேதியிலும் பெட்டியின் கடிகாரப்படி நேரம் குறித்திருக்கும். கடைசியாக வந்ததைவிடப் பழைய நேரத்தோடு ஏதாவது வந்தால், வழியில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்த சேதி என்று பெட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். ஊசிப்போன சேதியை நம்பி முடிவெடுக்கக் கூடாது அல்லவா?

இங்கேதான் ரமலான் வந்து சேர்ந்தது. எங்கள் நாட்டில் நோன்பு மாதத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவோம், பெருநாள் முடிந்ததும் பழையபடி வைப்போம். பெட்டியின் கடிகாரத்தை மட்டும் தூரியா தொட விடவில்லை. அது வருஷம் முழுக்க ஒரே சீராக முன்னோக்கி ஓட வேண்டும் என்பாள்.

மேலாளர் ஸி ஜவாதுக்கு (எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணை 'ஸி' என்போம், பெண்ணை 'லல்லா' என்போம்) அது பொறுக்கவில்லை. தலைமை அலுவலக விருந்தாளிகள் முன்னால் தன் கைக்கடிகாரம் ஒன்று காட்ட, பெட்டியின் திரை இன்னொன்று காட்ட, மானம் போகிறதாம்.

"லல்லா தூரியா, ஊரு நாட்டுக்கெல்லாம் ரமலான், உன் பெட்டிக்கு மட்டும் கிடையாதா?"

"அது நோன்பு வைக்காது ஸி ஜவாத். அதுக்கு வேற வேலை இருக்கு."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டோம். அந்தச் சிரிப்பை அவன் மறக்கவில்லை. முதல் நோன்பன்று காலையில், அவள் கொதிகலன் பக்கம் போயிருந்த நேரமாகப் பார்த்து, காசாபிளாங்காவிலிருந்து வரவழைத்த ஆளை வைத்துக் கடிகாரத்தைத் திருப்பிவிட்டான். வந்தவன் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டு, ஃபோனை அணைத்துவிட்டுக் காரில் கிளம்பிவிட்டான்.

தூரியா திரும்பி வந்து திரையைப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. வாயு அளவைக் காட்டும் எண்கள் அசையவே இல்லை.

"மௌலூத், எவன் கை வச்சது இதுல?"

சொன்னேன்.

"பாவிங்களா! இப்ப வர்ற சேதி எல்லாத்தையும் பழசுன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டுட்டிருக்கு. விட்ட இடத்துக்குக் கடிகாரம் திரும்பி வர்ற வரைக்கும், ஒரு மணி நேரத்துக்கு, இதுக்குக் கண்ணே தெரியாது."

ஜவாதின் அறைக்கு ஓடினாள். நானும் பின்னால் போனேன். கூடத்திலிருந்து பெண்களை வெளியே அனுப்பச் சொன்னாள். அவன் நாற்காலியிலிருந்து அசையவில்லை.

"மேசை நிறைய மீன் கெடக்கு. ஒரு மணி நேரந்தானே, என்ன ஆயிடப் போகுது?"

"ஒண்ணும் ஆகாதுன்னா நீங்க போய் அங்க உக்காருங்க."

"மரியாதையாப் பேசு."

அவள் நேரே வந்து பெட்டியின் ப்ளக்கைப் பிடுங்கினாள். வால்வு மூடியது, சங்கு ஊதியது. பெண்கள் ரப்பர் பூட்ஸும் பிளாஸ்டிக் ஏப்ரனுமாக முற்றத்துக்கு ஓடி வந்தார்கள். அவர்களின் தலைவி ருக்கியா மூச்சு வாங்கக் கேட்டாள்: "என்னம்மா, வாயுவா?"

"வாயு இல்லக்கா. வந்தாலும் பெட்டிக்குத் தெரியாது."

ஜவாத் வந்தான். என்னைப் பார்த்து, "மாட்டுடா" என்றான். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவனே குனிந்து ப்ளக்கைச் செருகினான். சங்கு நின்றது, வால்வு திறந்தது, பச்சை விளக்கு எரிந்தது. கடைசி நேரத்தை மின்சாரம் போனாலும் பெட்டி மறக்காது. ஆக, மறுபடியும் குருடு.

"பாருங்க, பச்சை எரியுது. இவளுக்கு முதல் நோன்புல காப்பி இல்லாம மண்டை காஞ்சு போச்சு. எல்லாரும் உள்ள போங்க!"

சில பெண்கள் கதவுப் பக்கம் நகர்ந்தார்கள். ருக்கியா கையை நீட்டித் தடுத்தாள்.

"போறோம் ஸி ஜவாத். மொதல்ல நீங்க போங்க. எங்க மேசையில எடம் இருக்கு. மீனெல்லாம் சுத்தம் பண்ண வேணாம், சும்மா உக்காந்திருங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

முற்றமே அவனைப் பார்த்தது. அவன் கதவைப் பார்த்தான். துருப்பிடித்த குழாயைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்து, அடிக்காத ஃபோனுக்கு "ஹலோ" சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நடந்தான். ஒரு பெண் வாய்விட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவனைப் பிடித்து உள்ளே தள்ள வேண்டும் போல இருந்தது.

திரையில் எண்கள் மறுபடி அசையும் வரை ஒருத்தியும் உள்ளே போகவில்லை. அதற்குள் மேசை மீன் கூடத்து வெக்கையில் கெட்டுப்போயிருந்தது. அன்று மாலை நோன்பு திறப்பதற்கு முன்பே தூரியாவை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உற்பத்தியைக் கெடுத்தாள், பீதியைக் கிளப்பினாள் என்று காரணம் சொன்னார்கள். நானும் ருக்கியாவும் போய்ச் சண்டை போட்டோம். "எங்கே வாயு? காட்டு பார்ப்போம்!" என்று ஜவாத் மேசையைத் தட்டிக் கேட்டான். நடந்ததையெல்லாம் நான் சொல்லிப் பார்த்தேன். விசாரிக்கக் காசாபிளாங்காவிலிருந்து வந்திருந்தவர்கள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அந்த ஒரு மணி நேரத்தில் வாயு கசியவில்லை. அதைத்தான் அவள் செய்த குற்றம் என்கிறார்கள்.