ஜெபசெல்வி மூலை

2021ஆம் ஆண்டு ஜூலை ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடத்துக்கு ஜெபசெல்வி முதன்முதலாக அந்தப் பார்சல் அலுவலகத்தின் படியேறினார். இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்குக் காரணம், அன்று அவருக்குப் போட்ட ரசீதின் நகலைப் புக்கிங் கிளார்க் கிருபாகரன் பிற்காலத்தில் தேடி எடுத்து வைத்துக்கொண்டான் என்பதே.

ஊரடங்கு தளர்ந்த இரண்டாம் நாள் அது. தூத்துக்குடிப் பழைய துறைமுகச் சாலையில் உப்பு லாரிகள் மீண்டும் வரிசை கட்டத் தொடங்கியிருந்தன. ஐம்பதை நெருங்கும் பெண்மணி ஒருவர், மடித்த சக்கர நாற்காலி ஒன்றை ஆட்டோவிலிருந்து தாமே இறக்கிக் கவுன்ட்டர் முன் நிறுத்தினார்.

"ராஜபாளையத்துக்கு அனுப்பணும் தம்பி. வீல் சேர்."

"புதுசா, பழசாக்கா?"

"பழசு. எங்க வீட்டுக்காரங்க ஒரு வருஷம் இதுலதான் இருந்தாங்க. மே மாசம் கர்த்தர்கிட்ட போயிட்டாங்க."

கிருபாகரன் பேனாவை நிறுத்தினான். படிவத்தில் 'சரக்கின் விவரம்' என்றொரு கட்டம் இருந்தது. அதற்கு என்ன எழுதுவது என்பதையும் அவரே சொன்னார்: "பழைய சாமான்னு மட்டும் எழுதுங்க. எடுக்க வாரவங்க மனசு சங்கடப்படக் கூடாது."

ஜெபசெல்வி தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்தில் பிறந்து அங்கேயே படித்தவர். தூத்துக்குடியில் ஒரு தனியார் பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தினார். ஊரடங்கில் அந்தப் பள்ளி பாதி ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, அந்தப் பாதியில் அவரும் இருந்தார். கணவரின் நாற்காலியைக் கைப்பேசியில் படமெடுத்து, பழைய பொருள் விற்போருக்கான முகநூல் குழு ஒன்றில் போட்டார். ஒரே நாளில் பதினேழு பேர் கேட்டார்கள். நோயாளி போன வீடுகளில் கட்டிலும் வாக்கரும் ஆக்சிஜன் இயந்திரமும் மூலையில் கிடக்கின்றன என்பதும், நோயாளி இருக்கும் வீடுகளில் புதியது வாங்கக் கையில் வகையில்லை என்பதும் அவருக்கு அன்றுதான் புலப்பட்டது. திருச்சபைப் பெண்கள் முதலில் கொடுத்தார்கள். பிறகு கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் கொடுத்தார்கள். அவர் வாங்கிக் கழுவி, பழுது பார்த்து, பொட்டலம் கட்டி விற்று அனுப்பினார்.

அந்த வியாபாரத்துக்கு அவருடைய பெயரே முதல். முகம் பாராதவர்கள் முழு விலையையும் முன்கூட்டியே அனுப்பினார்கள். 'நாசரேத் டீச்சரா? யோசிக்காமல் பணம் போடலாம்' என்று குழுவில் யாரோ எழுதிய வரியை அவர் ஒரு முறை கிருபாகரனிடம் காட்டினார். மகள் ஜெபிஷாவின் நர்சிங் படிப்பு அந்த ஒரு வரியை நம்பித்தான் நடந்துகொண்டிருந்தது.

இந்தச் சரக்கில் ஒரு சங்கடம் உண்டு. மிக்சியையோ சைக்கிளையோ அனுப்பி, வாங்கியவர் வந்து எடுக்காவிட்டால், மறந்திருப்பார் என்று எண்ணலாம். நாற்காலியை எடுக்காவிட்டால் அப்படி எண்ண முடியாது. கோவில்பட்டிக்கு அனுப்பிய நாற்காலி ஒன்று மூன்று நாளாகக் கிளையில் கிடக்கிறது என்று அறிந்து, வாங்கிய பெண்ணுக்குக் கவுன்ட்டரில் நின்றபடியே ஜெபசெல்வி போன் போட்டார். எதிர்முனையில் கொட்டுச் சத்தம் கேட்டது. "அம்மாவை இப்பத்தான் எடுக்குதோம். சேருக்காக்கா போன் பண்ணுதீங்க?" என்று ஒரு குரல் கேட்டுவிட்டு வைத்துவிட்டது.

அன்றிலிருந்து அவர் ஒரு நெறி வகுத்துக்கொண்டார். எடுக்காத பார்சலுக்காக யாருக்கும் போன் போடுவதில்லை. ஒரு மாதம் விடுவார். துக்கம் சற்றே ஆறியிருக்கும். பிறகு, பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதே கணக்குக்கு, ஒரு சொல்லும் இல்லாமல், முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவார். கிருபாகரனுக்கு அது பெரிய மனசு என்று பட்டது. இரண்டு பேரிடம் சொல்லியும் இருக்கிறான்.

எடுக்காத பெட்டி ஒரு வாரம் கிளையில் இருக்கும். பிறகு அதன்மேல் சிவப்பு மார்க்கரால் குறுக்குக்கோடு போட்டு, கிளை முத்திரை குத்தி, தூத்துக்குடிக்கே திருப்பிவிடுவார்கள். திரும்பியதை மூன்று நாளுக்குள் எடுக்காவிட்டால் நாள்வாடகை உண்டு. ஜெபசெல்வி மில்லர்புரத்தில் மாடியில் ஓர் அறை வீட்டில் இருந்தார். கட்டிலை அங்கே எங்கே வைப்பார்? ஆகவே குடோனின் வடகிழக்கு மூலையில் அவருடைய பெட்டிகளை வாடகையில்லாமல் வைத்துக்கொள்ளக் கிருபாகரன் இடம் கொடுத்தான். அடுத்த ஆள் கேட்கும்போது அங்கிருந்தே எடுத்து அனுப்பிக்கொள்ளலாம். மேனேஜருக்குத் தெரியாமல் செய்த உபகாரம் அது. சுமை ஏற்றும் சத்தியராஜ் அதற்கு 'ஜெபசெல்வி மூலை' என்று பெயர் வைத்தான்.

"அண்ணாச்சி, அந்த மூலையில ஒரு சிலுவை நட்டுருவோமா? தோதா இருக்கும்."

"வாயக் கழுவுல," என்றான் கிருபாகரன். ஆனால் சிரித்தான்.

2022 அக்டோபர் பதினெட்டு. தீபாவளிக்கு ஆறு நாள். குடோனில் ஜவுளி மூட்டைகளும் மக்ரூன் டின்களும் வலைக் கட்டுகளும் கால் வைக்க இடமின்றி நிறைந்திருந்தன. ஜெபசெல்வி ஒரு பெட்டியோடு வந்தார். உள்ளே ஏர் பெட் என்னும் காற்று மெத்தை, அதற்குக் காற்றடிக்கும் சிறு மோட்டாரோடு. ஸ்ரீவைகுண்டத்துக்குப் போக வேண்டும். வாங்கியவன் மகாராஜன், சரக்குக் கப்பலில் இன்ஜின் அறையில் வேலை. பணத்தை அனுப்பி, பெட்டியில் அம்மா செல்லக்கனியின் பெயரையும் எண்ணையும் எழுதும்படி சொல்லிவிட்டு, அன்று கப்பலேறுகிறான். அப்பா சங்கரபாண்டியன் பக்கவாதத்தில் விழுந்து நான்கு மாதமாகப் படுக்கையில் இருந்தார்.

"சீக்கிரம் போணும் தம்பி. முதுகுல புண்ணு ஆரம்பிச்சிட்டாம். இதுல படுக்க வச்சா ஆறும்."

"நாளைக்குக் காலையில ஸ்ரீவைகுண்டத்துல இருக்கும்க்கா. நீங்க போங்க."

அவர் போன பத்து நிமிடத்தில் சத்தியராஜ் அந்தப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, "இத எங்கன போட அண்ணாச்சி?" என்றான். கவுன்ட்டரில் எட்டுப் பேர் ரசீதுக்காகக் கத்திக்கொண்டிருந்தார்கள். கிருபாகரன் பாதி திரும்பினான். பெட்டியின் பக்கவாட்டில் அனுப்புநர் பெயர் மட்டும் கண்ணில் பட்டது.

"ஜெபசெல்வி அக்கா சாமானா? மூலையில போடு."

செல்லக்கனி, கணவரைப் பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, மூன்று முறை ஸ்ரீவைகுண்டம் கிளைக்குப் போனார். பண்டிகை நெரிசல், வந்தால் சொல்கிறோம் என்றார்கள். விற்றவருடைய எண் மகனிடம் இருந்தது. மகன் கடலில் சிக்னல் எட்டாத தூரத்தில் இருந்தான். இவையெல்லாம் கிருபாகரன் பிற்பாடு அறிந்தவை.

நவம்பர் ஏழாம் தேதி வேறொரு வாக்கரை அனுப்ப ஜெபசெல்வி வந்தபோது, மூலையில் நான்குக்குப் பதில் ஐந்து பெட்டிகள் இருப்பதைக் கிருபாகரன் கண்டான்.

"அக்கா, ஸ்ரீவைகுண்டம் பெட்டியும் திரும்பி வந்துட்டு."

அவர் கண்களை மூடிக்கொண்டார். உதடுகள் அசைந்தன. "பெத்த பிள்ள கடல்ல கெடக்கும்போது," என்று மட்டும் சொன்னார், அதைக்கூட முடிக்கவில்லை. பெட்டியைப் புரட்டிப் பார்க்க இருவருக்கும் தோன்றவில்லை. அன்று சங்கரபாண்டியன் உயிரோடுதான் இருந்தார். திருநெல்வேலி ஆஸ்பத்திரியில், புண் சீழ் வைத்து, விஷம் ரத்தத்தில் ஏறி அவர் இறந்தது இருபத்து மூன்றாம் தேதி.

டிசம்பர் ஏழாம் தேதி, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு முந்தின நாள், ஊர் வந்திருந்த மகாராஜனின் கணக்குக்கு மெத்தையின் விலை முழுதாக, ஒரு சொல்லும் இல்லாமல் திரும்பி வந்தது.

ஒன்பதாம் தேதி தாயும் மகனும் அலுவலகத்துக்கு வந்தார்கள். மேனேஜர் போன் போட்டு ஜெபசெல்வியை வரவழைத்தார். செல்லக்கனி நாற்காலியில் உட்கார மறுத்து நின்றுகொண்டே இருந்தார்.

"பெட்டியக் கொண்டா கிருபா," என்றார் மேனேஜர்.

கிருபாகரன் குடோனுக்குள் போனான். ஐந்தில் நான்கு பெட்டிகளில் சிவப்புக்கோடு இருந்தது. ஐந்தாவதில் கோடும் இல்லை, முத்திரையும் இல்லை. அந்தப் பெட்டி இந்தக் குடோனை விட்டு வெளியே போகவே இல்லை என்பதும், அதை அங்கே போடச் சொன்ன வாய் தன்னுடையது என்பதும் ஒரே நொடியில் அவனுக்கு விளங்கின. சில வருடங்களுக்கு முன் ஒரு மூட்டை காணாமல் போனதற்காக அவனுக்கு முன்னிருந்த கிளார்க்கை அன்றைக்கே வெளியே அனுப்பியவர் அந்த மேனேஜர். கிருபாகரன் வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். மார்க்கர் சட்டைப்பையில் இருந்தது. மூடியைக் கழற்றி, பெட்டியின் மேல் குறுக்காக ஒரு கோடு இழுத்தான்.

"போயிட்டுத்தான் திரும்பியிருக்கு. கோடு இருக்குல்லா?" என்றார் மேனேஜர். முத்திரை இல்லாததை அவர் கவனிக்கவில்லை; கவனிக்க அவருக்கு அவசியமும் இல்லை.

"மூணு மட்டம் போயி நின்னேன். வரலைன்னாவ!" என்றார் செல்லக்கனி.

"எங்ககிட்ட கேட்டா எப்படிம்மா? திரும்பி வந்தத அனுப்புனவங்ககிட்ட சொல்லியாச்சு. என்ன கிருபா?"

"சொன்னேன் சார்," என்றான் கிருபாகரன். அது உண்மைதான்.

மகாராஜன் ஜெபசெல்வியின் பக்கம் திரும்பினான். "பெட்டில எங்கம்மா நம்பர் எழுதியிருக்கு. ஒரு போன் ஏன் போடல?"

ஜெபசெல்வி பெட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் டேப்பின் மேல் மார்க்கர் மை உடனே காயாது. அவருடைய ஆள்காட்டி விரலில் சிவப்பு ஒட்டியது. விரலைப் பார்த்தார். பிறகு கிருபாகரனைப் பார்த்தார். கணக்கு டீச்சர், ஒரு விடை எங்கே தவறியது என்று கண்டுபிடிக்க அவருக்கு நேரம் பிடிக்காது. விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"தவறிட்டாங்கன்னு நெனச்சிட்டேன்," என்றார்.

செல்லக்கனியின் குரல் அதற்குப் பிறகுதான் உயர்ந்தது. "ஏளா, உசுரோட கெடந்த மனுசன செத்துட்டாருன்னு நீ எப்படிளா நெனப்பே? முதுகுல என் கையி நொழையித அளவுக்குப் புண்ணு. எப்போ மெத்தை வரும், எப்போ மெத்தை வரும்னு கேட்டுட்டே கெடந்தாரு. ஒரு போனு போட ஒனக்கு நோவா?"

"போட்டிருக்கணும்மா. என் தப்புதான்."

அதற்கு மேல் அவர் சொல்ல இருந்த ஒரே ஒரு விஷயம் கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் கைகட்டி நின்றுகொண்டிருந்தது.

மகாராஜன் அந்த முகநூல் குழுவில் எழுதினான். மூலைப் பெட்டிகள் ஐந்தையும் படமெடுத்துப் போட்டு, 'செத்தவர் வீட்டில் வாங்கி, சாகப் போகிறவரிடம் விற்று, ஒரு போன்கூடப் போடாமல் பணம் திருப்பும் டீச்சர்' என்று தலைப்பிட்டான். மூன்று நாளில் குழுவினர் அவரை நீக்கினார்கள். சபையில் ஒருத்தி, தான் கொடுத்த கட்டிலைத் திருப்பிக் கேட்டு ஆள் அனுப்பினாள். ஜெபசெல்வி ஆறு மாதம் தாக்குப்பிடித்தார். முன்பணம் யாரும் அனுப்பவில்லை. பிறகு ஒரு நர்சிங் ஹோமில் நோயாளிகளுக்குத் துணையாக இருக்கும் வேலைக்குப் போனார்.

மூலைக்கு ஒன்றரை வருடம் வாடகை வாங்காததற்கு இது சரியாகப் போயிற்று என்று கிருபாகரன் தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். சில நாள் அந்தச் சமாதானம் மாலை வரை தாங்கியது. கோடு போடாவிட்டாலும் அவர் மேல்தான் பழி வந்திருக்கும், போன் போடாதது அவர்தானே என்றும் சொல்லிப் பார்த்தான். அதுவும் பொய்யில்லை, அதனாலேயே உதவவில்லை. அக்டோபர் பதினெட்டாம் தேதி லாரியில் ஏறிய சரக்குகளின் பட்டியல் இரும்பு அலமாரியில் இன்னும் இருந்தது. அதில் ஸ்ரீவைகுண்டம் பெட்டி இல்லை. அந்தத் தாளைக் கிழிக்கவும் அவனால் இயலவில்லை, எடுத்துக் காட்டவும் இயலவில்லை.

2024 மே மாதம், ஜெபிஷாவுக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. மகளோடு போய்விடுவதற்காக ஜெபசெல்வி தம் வீட்டுச் சாமான்களை அனுப்ப அதே அலுவலகத்துக்கே வந்தார். மேனேஜர் விடுப்பில் இருந்தார். கவுன்ட்டரில் வேறு ஆள் இல்லை. அந்தச் சிவப்புக்கோட்டைப் பற்றி இப்போது கேட்பார் என்று கிருபாகரன் எதிர்பார்த்தான். கேட்டால் மறுக்க முடியாது என்றும், ஒருவேளை மறுத்துவிடுவோமோ என்றும் இரண்டையும் ஒருசேர நினைத்துக்கொண்டு படிவத்தை நிரப்பினான்.

பதினான்கு உருப்படிகள். அவன் எழுந்து லாரியடிக்கே போய், ஒவ்வொன்றும் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். உச்சி வெயில்.

"நீங்க எதுக்குத் தம்பி வெயில்ல நிக்கீங்க? ஏத்துதவங்க ஏத்துவாங்கல்லா?"

"இருக்கட்டும்க்கா."

"பிள்ளைங்க எப்படி இருக்குதுங்க?"

"நல்லா இருக்குதுங்க. பெரியவ பத்தாப்பு போறா."

"கணக்கு வருதா அவளுக்கு?"

"சுமாரா வருதுக்கா."

"பாத்துக்கோங்க," என்றார். ரசீதை நான்காக மடித்துப் பர்சில் வைத்தார். செல்லக்கனியிடமோ மகாராஜனிடமோ, அந்தக் குழுவில் இருந்த யாரிடமோ, கிருபாகரன் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம் இருந்தது: பெட்டி போகவே இல்லை. அதைச் சொல் என்று அவர் அன்றும் கேட்கவில்லை. "வாரேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, ஆட்டோ பிடிக்கச் சாலையைக் கடந்து போனார்.