தலையில் அடித்துச் செய்த சத்தியம்

மலேசியாவின் சுங்கை பட்டாணியில் ஒரு தொழிற்சாலையில் நான் டெக்னீஷியன். தற்கொலை எண்ணத்தில் இருப்பவருக்கு எப்படி உதவுவது என்று சென்ற ஆண்டு எங்களுக்கு அரைநாள் பயிற்சி தந்தார்கள். கவனி, நேராகக் கேள், காதுகொடு, ரகசியமாக வைக்காதே, உதவக்கூடியவரிடம் கொண்டுசேர் என்று ஐந்து வரிகள் குறித்துக்கொண்டேன்.

சில வாரங்களில், சிடாம் கிரியிலிருந்து வேலைக்கு வரும் சாந்தி அக்கா (பெயரை மாற்றியிருக்கிறேன்) சாப்பிடாமல் ஒதுங்கி உட்காரத் தொடங்கினார். கேன்டீனுக்குப் பின்னால் தனியாக அழைத்துப்போய், "அக்கா, செத்துப்போகணும்னு தோணுதா?" என்று கேட்டேன்.

"ஆமாலா" என்றவர், என் கையை இழுத்துத் தன் தலையில் வைத்தார். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு. அண்ணனுக்குத் தெரிஞ்சா தாமான்ல குடியிருக்கிற எல்லாருக்கும் தெரிஞ்சிடும்."

செய்துவிட்டேன். தலையில் அடித்த சத்தியத்தை மீறினால் அவர் உயிருக்கே ஆகாது என்று பயந்து, 'ரகசியமாக வைக்காதே' என்ற நான்காவது வரியை விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் அக்கா வேலைக்கு வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. சூப்பர்வைசரிடம் எண் வாங்கி அவருடைய அண்ணனை அழைத்தேன். "மூணு நாளா இதை மனசுல வச்சுக்கிட்டா இருந்த? படிச்ச புள்ளதானே நீ!" என்று போனில் கத்திவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினார். பூட்டிய அறையிலிருந்து அக்காவை உயிரோடு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

இப்போது சிகிச்சை பெறுகிறார். என்னோடு பேசுவதில்லை.

இப்போதெல்லாம் யாரிடமும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: "சத்தியம் மட்டும் கேக்காதீங்க. உயிர் விஷயம்னா நான் சொல்லிடுவேன். ஆனா கூடவே வருவேன்."