வீராயியின் கையும் டாக்டர் அருள்தாசனும்

டாக்டர் அருள்தாசன் இறந்த செய்தியைத் தெமோதரையிலிருந்து வந்த ஒரு நோயாளிதான் என்னிடம் சொன்னார். "பெரிய டாக்டர் போயிட்டாருங்கம்மா. இங்க யாரும் சொல்லலியா?" யாரும் சொல்லவில்லை. பதுளையில் இந்த ஆஸ்பத்திரியை அத்தனை காலம் நடத்தியவர் அவர்.

சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு நான் இங்கே வந்த புதிதில், கை நசுங்கி வந்த ஒருவருக்குக் குணமாகிவிட்டது என்றேன். "எதும்மா? புண்ணா, கையா?" என்று கேட்டார் டாக்டர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் ஆள் வந்து நின்றால் தேயிலைத் தோட்டத்துக்கு அது குணம். அவருக்கு அது போதாது. சோறு பிசையச் சொல்வார், கயிற்றில் முடிச்சுப் போடச் சொல்வார். மாதங்கள் கழித்துத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கே போய் அதே கையை மறுபடி பார்ப்பார். வீண்வேலை என்றே நான் நினைத்தேன்.

பசறைப் பக்கத்துத் தோட்டத்தில் இலை சுருட்டும் எந்திரத்தில் வலது கை சிக்கி வந்தவள் வீராயி. எல்லோரையும் கேட்பதுபோல அவளையும் கேட்டார்: "இந்தக் கை உனக்கு எதுக்கு வேணும்?"

"எம் மகளுக்குத் தலை பின்னணும் சாமி."

"கொழுந்து?"

"அதத் தொரை கேப்பாரு. நீங்க என்னையில்ல கேட்டீங்க?"

டாக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

பல மாதப் பயிற்சிக்குப் பின் அவள் பின்னினாள். அந்தப் பெருமையில் டாக்டர் தோட்டத்தை நடத்தும் துரையை அழைத்துக் காட்டினார். அதுதான் அவர் செய்த பிழை. துரை பார்த்துவிட்டு, "பின்னுகிற கை கிள்ளாதா?" என்றார். சிறிது நேரம் பின்னுவதும் நாள் முழுவதும் மழையில் கொழுந்து கிள்ளுவதும் ஒன்றல்ல என்று டாக்டர் மன்றாடினார், பங்களா வரை போய்ச் சண்டையிட்டார். பலனில்லை; வீராயியைக் கொழுந்து கிள்ள அனுப்பிவிட்டார்கள். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அவள் விரல்கள் விறைத்துப்போயின. பின்னலும் போயிற்று.

"நல்லாயிருக்குன்னு நீங்கதானே சாமி காட்டுனீங்க," என்றாள். அதன் பிறகு எந்தக் கையையும் டாக்டர் எந்தத் துரைக்கும் காட்டியதில்லை. ஓய்வுபெறும் வரை மேலிடத்தில் அவருக்குப் பிடிவாதக்காரர் என்று பெயர்.

அடக்கத்தின்போது ஒரு துரை பேசினார். எத்தனையோ கைகளை வேலைக்குத் திருப்பி அனுப்பியவராம் டாக்டர். கூட்டம் தலையசைத்தது. நானும் வாய் திறக்கவில்லை.

மண் போட வரிசையில் வந்த வீராயி இடது கையால் அள்ளினாள். பின்னால் நின்ற கிழவர் அதட்டினார்: "ஏ புள்ள, சோத்துக்கையால போடு!"

"அது மடங்காது தாத்தா," என்றாள். "அவருக்குத் தெரியும்."

போய்வாருங்கள், டாக்டர்.