டீலர்களுக்கு வந்த போர்வை

வெண்டல் நகாசோனே எதைக் கீழே வைத்தாலும் இரண்டு கைகளையும் ஒரு தட்டுத் தட்டி, உள்ளங்கைகளை விரித்துக் காட்டுவார். சூதாட்ட மேசையில் சீட்டுப் போடுகிற டீலர், அதை விட்டு நகரும்போது, பணத்துக்குப் பதிலாகப் புழங்கும் சிப் எதுவும் கையோடு வந்துவிடவில்லை என்று கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காட்டியாக வேண்டும். லாஸ் வேகஸில் எல்லா டீலருக்கும் உள்ள வழக்கம்தான். ஆனால் இருபத்தாறு வருடம் பிளாக்ஜாக் மேசையில் நின்ற வெண்டலுக்கு அது வீடுவரைக்கும் வந்துவிட்டது. டி.வி. ரிமோட்டை வைத்தால் காட்டுவார். தேவாலயத்தில் காணிக்கைத் தட்டை அடுத்தவரிடம் தள்ளிவிட்டுக் காட்டுவார். மகள் லோரின் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு நர்ஸிடம் திருப்பிக் கொடுத்தவர், தட்டி விரித்துக் காட்டினார். நர்ஸ் குழந்தையை ஒருமுறை சரிபார்த்துக்கொண்டாள்.

ஹவாயில் வயலுவாவின் சர்க்கரை ஆலை மூடியபோது பிழைப்புக்காக இங்கே வந்தவர். வந்து சேர்ந்த ஹோட்டலும் ஹவாய்க்காரர்கள் விமானம் விமானமாக வந்து இறங்குகிற ஹோட்டல்தான். ஊரை விட்டு வந்தோம் என்ற கவலைக்கு அங்கே இடம் கிடைக்கவில்லை. ஊர் வாராவாரம் பெட்டியோடு வந்து அவர் மேசையில் உட்கார்ந்தது.

டிப்ஸ் விஷயத்தில் அந்த ஹோட்டலில் ஒரே ஏற்பாடு. யாருக்கு வந்தாலும் எல்லோருக்கும் வந்த மாதிரி. ஆடுகிறவர் சிப்பைத் தள்ளினால் டீலர் அதை மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டி, “டீலர்களுக்கு, நன்றி” என்று சூப்பர்வைசர் காதில் விழும்படி சொல்லிப் பெட்டியில் போடுவார். மறுநாள் பெட்டிகளைத் திறந்து நூற்றுப் பன்னிரண்டு டீலர்களுக்கும் பங்கு பிரிப்பது, டீலர்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிற மூவர் கமிட்டி. பதினொரு வருடமாக அதற்கு வெண்டல்தான் தலைவர். எதிர்த்து யாரும் நின்றதில்லை. அந்த வேலையை யாரும் விரும்பியதில்லை என்பதும் உண்மை.

கமிட்டியின் விதிகள் ஒரு பக்கம். எழுதியவர் வெண்டல். தின்பண்டம் வந்தால் ஓய்வறை மேசைக்கு. பொருள் வந்தால் டீலர்களுக்குள் ஏலம், பணம் பொதுவுக்கு. கமிட்டிக்காரர்கள் ஏலம் கேட்கக் கூடாது. ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து தொண்ணூறு நாளைக்கு வாங்கவும் கூடாது. கடைசி வரி, இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பெட்டி ஒயின் விவகாரத்துக்குப் பிறகு சேர்த்தது.

அந்த விதியின்படிதான் பக்கத்து மேசை ஆர்மீனியாக்காரன் கிரிகோர் மனுக்கியானின் கைக்கடிகாரம் போனது. டெக்ஸாஸ்காரர் ஒருவர் நன்றாக ஜெயித்த நாளில் தன் கடிகாரத்தைக் கழற்றி, “உன் பையனுக்குக் கொடு” என்று மேசையில் வைத்தார். வெண்டல் ஏலம் விட்டார். ரூலெட் மேசை பெவர்லி இருநூற்று இருபது டாலருக்கு எடுத்துக் கணவனுக்குக் கட்டிவிட்டாள். ஒவ்வொரு கிறிஸ்துமஸ் விருந்திலும் கிரிகோர் அந்த மணிக்கட்டிடம்தான் மணி கேட்பான்.

பெர்னிஸ் கஆஹனுய் ஆன்ட்டி வருடத்துக்கு நான்கு தடவை, ஐந்து நாள் வருவாள். எழுபத்தெட்டு வயது. வெண்டலின் மேசை தவிர வேறு மேசையில் உட்கார்ந்ததில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஐந்து டாலர். எவ்வளவு ஆடுகிறாள் என்று பார்த்து, ஹோட்டல் அவளுக்குக் கொடுத்த கார்டில் பாயின்ட்டாக ஏற்றுகிறவர் சூப்பர்வைசர் டார்னெல். அவர் வரும்போது மட்டும் ஐந்து இருபத்தைந்து ஆகும். முதுகைத் திருப்பினால் மறுபடி ஐந்து. டார்னெலுக்குத் தெரியும். இருபத்தைந்து என்றே எழுதுவார். அப்படிச் சேர்ந்த பாயின்ட்டில் அறை வாடகை கழியும், சாப்பாடும் கழியும். கழிந்ததற்கு மேல் இருபத்தாறு வருடத்தில் நாற்பத்தாறாயிரம் பாயின்ட் மிச்சம் பிடித்திருந்தாள். நாலு வருஷத்துக்கு அறைக்குக் கவலையில்லை என்று கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு சொல்வாள்.

டிப்ஸாக ஒரு சிப் கொடுத்ததில்லை. கருவாடு கொடுப்பாள், உப்புப் போட்ட பிளம், தகர டப்பாவில் பிஸ்கட். ஹவாய்க்காரர்கள் வெறுங்கையோடு யாரையும் பார்க்கப் போவதில்லை. டீலரும் அதில் சேர்த்திதான். ஓய்வறையில் கருவாட்டுக்குக் கிரிகோர் மூக்கைப் பொத்திக்கொள்வான். பிஸ்கட்டுக்குப் பொத்துவதில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் ஆன்ட்டி வந்து உட்கார்ந்ததும் மேசையில் ஏழு இடமும் நிறைந்தது. பையிலிருந்து ஒரு மூட்டையை எடுத்துத் தன் சிப்புக்குப் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைத் துணியில் பச்சைச் சீமைப்பலா இலைகள், கையால் தைத்த போர்வை.

“லோரின் கல்யாணத்துக்குடா. கண்ணு தெரிஞ்சவரைக்கும் தைச்சிட்டேன்.”

வெண்டலின் இடது கையில் சீட்டுக்கட்டு. அடுத்தவன் சீட்டுக்காக விரலால் மேசையைச் சுரண்டிக்கொண்டிருந்தான். வலது கை மூட்டையை எடுத்தது. மேசை விளிம்பில் இரண்டு தட்டுத் தட்டியது. வாய் கணீரென்று சொன்னது: “டீலர்களுக்கு, நன்றி.”

ஆன்ட்டி அவரைப் பார்த்தாள். டார்னெல் பார்த்தார். பக்கத்து மேசையில் கிரிகோர் சீட்டுப் போடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான்.

ஓய்வறையில் கிரிகோர் காப்பியைக்கூட ஊற்றாமல் காத்திருந்தான்.

“என்ன தலைவரே, போர்வை பொதுவுக்கா?”

“ஆமா.”

“பொண்ணுக்குன்னு சொன்ன மாதிரி கேட்டுச்சே.”

“உனக்கும் பையனுக்குன்னுதான் சொன்னாங்க.”

“சும்மா கேட்டேன். நூத்திப் பன்னெண்டு துண்டா வெட்டுவீங்களோன்னு.”

டார்னெல் வெண்டலைத் தனியாகக் கூப்பிட்டார். “இங்க பாரு, நான் எதையும் கேக்கல. கேமராவுல சத்தம் பதியாது. ஒரு வாரத்துல படமும் அழிஞ்சிரும். எடுத்துட்டுப் போ.”

“நான் கேட்டேனே,” என்றார் வெண்டல். போர்வையைக் கமிட்டி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கைகளைக் காட்டினார்.

வீட்டில் மனைவி கேரல் விஷயத்தை முழுதாகக் கேட்டாள். கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

“ஏன் தட்டின?”

“கைதான் தட்டுச்சு.”

“வாய்?”

“அதுவும் கைகூடவே வந்துருச்சு.”

“லோரின்கிட்ட நீயே சொல்லு. அந்த அம்மா தைக்க ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அவகிட்ட போட்டோ அனுப்பிட்டிருக்காங்க. ஒவ்வொரு இலைக்கும் போட்டோ இருக்கு.”

வெண்டல் அன்று சொல்லவில்லை. மறுநாளும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு ஆள் மாறும் நேரத்தில் ஏலம். பொருளைத் தூக்கிப் பிடித்து விவரிக்க வேண்டியது கமிட்டித் தலைவர். வெண்டல் தூக்கிப் பிடித்தார். இலைகள் அவர் முகத்தை மறைத்தன.

“போர்வை. பச்சை, வெள்ளை. ரெண்டு பேர் படுக்கிற அளவு.”

“மெஷின்லயா?” என்றாள் பெவர்லி.

“கையால.”

“எத்தனை நாளாச்சாம்?”

சொல்லாமல் இருந்திருக்கலாம். “ரெண்டு வருஷம்,” என்றார் வெண்டல். நாற்பதில் நின்ற ஏலம் நூற்றெண்பதுக்குப் போனது. முந்நூற்றுப் பத்தில் கிரிகோர் கையைத் தூக்கினான். அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஆளுக்கு இரண்டு டாலர் எழுபத்தேழு சென்ட் பங்கு வந்தது. வெண்டலும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.

“உனக்கு எதுக்கு கிரிகோர் இது?”

“மாமியாருக்குக் குளுருது.”

“இந்த ஊர்லயா?”

“ஜூலையிலகூடக் குளுருது. அது என் ராசி.” கிரிகோர் போர்வையை மடித்தான். “நீங்க நானூறு தர்றேன்னு சொல்லப் போறீங்க. தொண்ணூறு நாள் ஆகட்டும் தலைவரே. நானா எழுதினேன்?”

ஆன்ட்டிக்கு மறுநாள் காலை விமானம். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அவளைத் தேடிப்போய் வெண்டல் நடந்ததைச் சொன்னார். திட்டுவாள் என்று நின்றார். அவள் வேறு கேட்டாள்.

“அந்த ஆர்மீனியாக்காரன் எனக்கு விக்கலாமா?”

“டீலர் விருந்தாளிக்கு எதுவும் விக்கக் கூடாது ஆன்ட்டி. வேலை போயிரும்.”

“அதுவும் உன் விதியா?”

“இல்ல. அது ஹோட்டல் விதி.”

“நல்லவேளை. உன்னுதுன்னா மாத்த முடியாது.” கொஞ்சம் யோசித்தாள். “கீழ கடையில குல்லா விக்குதே, பின்னினது. யார் போட்டது?”

பெவர்லி போட்டது. ஊழியர்கள் கைவேலைப் பொருளை ஹோட்டல் கடையில் விற்பனைக்கு வைக்கலாம். கடை ஐந்தில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். யார் கைவேலை என்று விதியில் இல்லை. ஆன்ட்டி நேராகக் கிரிகோரின் மேசைக்குப் போய், அவன் சீட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே சொன்னாள்:

“தம்பி, உன் மாமியாருக்கு என்ன கலர் பிடிக்கும்?”

கிரிகோர் தயங்கினான். “சிவப்பு.”

“பச்சை?”

“பச்சையைப் பாத்தா திட்டுவாங்க.”

“அப்ப கடையில வை. நானூத்தைம்பது போடு.”

கிரிகோர் மனதுக்குள் கணக்குப் போட்டான். கடைப் பங்கு போக முந்நூற்று அறுபது. ஐம்பது டாலர் லாபம். இடைவேளையில் போர்வையைக் கொண்டுபோய் வைத்தான். கடைக்கார டோலோரஸ் ‘ஹவாய்க் கைவேலை’ என்று சீட்டு எழுதிக் குத்தினாள். குத்தின கையை எடுப்பதற்குள் ஆன்ட்டி கழுத்திலிருந்து கார்டைக் கழற்றி நீட்டினாள்.

“நாப்பத்தஞ்சாயிரம் பாயின்ட் ஆகும்மா. இதைவிடச் சின்னதா ஹோட்டல் பேர் போட்டது இருக்கு, ஆறாயிரம்தான்.”

“இதுல தையல் நல்லாருக்கு,” என்றாள் ஆன்ட்டி.

ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் மிஞ்சியது. அதில் ஒரு மாட்டு வால் சூப் வந்தது. குடித்துவிட்டுத்தான் மேலே போனாள்.

வெளியே வந்த கிரிகோர் வெண்டலிடம் சொன்னான், “வாட்சுக்கு இப்படி ஒரு கடை இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லல.” வாட்ச் கைவேலை இல்லை என்பது வெண்டலின் நாக்கு நுனிவரை வந்தது. “கல்யாணத்துக்கு வா, கிரிகோர்,” என்றார்.

“எத்தனை பேர்?”

“உன் வீட்ல எத்தனை பேர்?”

“அஞ்சு. மாமியார் ரெண்டு பேர் சாப்பாடு.”

மறுநாள் காலை, ஹோட்டல் வாசலில் வேண்டாம் என்று தெருவைத் தாண்டி எதிர்ச் சாரியில் காரை நிறுத்தச் சொன்னாள் கேரல். ஆன்ட்டி போர்வையைக் கொண்டுவந்தாள். வெண்டல் கையை நீட்டினார்.

“நீ கையை பாக்கெட்டுல வை,” என்று கேரலே வாங்கிக்கொண்டாள். அன்று சாயங்காலம் லோரினிடம் போர்வை போய்ச் சேர்ந்தது. நடந்ததை வெண்டல் அதற்கப்புறம் சொன்னார். சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது; பிறகு கொஞ்சம் அழுதாள்.

ஏப்ரலில் ஆன்ட்டி வந்தபோது அறைக்குப் பாயின்ட் இல்லை. லோரினின் அறை காலியாகத்தான் கிடந்தது. கேரல் ஆன்ட்டியை வீட்டில் தங்கவைத்தாள். ஹோட்டல் கார்டு கவுன்டரில் தங்குமிடம் கேட்டார்கள். ஆன்ட்டி வெண்டலின் முகவரியைச் சொன்னாள். ஒரே வீட்டில் இருப்பவர்களுக்கு டீலர் சீட்டுப் போடக் கூடாது. டார்னெல் தலையைச் சொறிந்துகொண்டு அவளைப் பக்கத்து மேசைக்கு அனுப்பினார்.

முதல் சீட்டு பத்து, இரண்டாவது ஆறு. மூன்றாவதாகக் கிரிகோர் பத்து மதிப்புள்ள ராஜாவைப் போட்டான்; கூட்டல் இருபத்தொன்றைத் தாண்டிவிட்டது. ஐந்து டாலரும் போயிற்று.

“இதுக்குத்தான் அம்பது டாலர் லாபம் எடுத்தியா?” என்றாள் ஆன்ட்டி.

“சீட்டு என்னது இல்லம்மா, ஹோட்டலோடது.”

“எனக்கு இப்படி ராஜா வந்ததே இல்ல. அவனைக் கேளு.”

வெண்டல் தன் மேசையிலிருந்து தலையைத் திருப்பவில்லை. அடுத்த மேசை ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது.